சத்தம் பழகிப்போகும் என்கிறார்களே, நிஜமா?

கேள்வி: ஜூன் 2, காலை 7.15

நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ராத்திரி முழுக்க லாரி. யாரிடம் சொன்னாலும் "ஆறு மாசத்தில் பழகிடும், அப்புறம் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது" என்கிறார்கள். நிஜமாகவே பழகுமா? படுக்கையறைச் சுவரில் ஒட்டுவதற்கு ஸ்பான்ஜ் பலகைகள் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு வரிசை மரம் நடலாம் என்றும் யோசனை. கைபேசிச் செயலியில் ஜன்னலோரம் 68 டெசிபல் காட்டுகிறது. இது அதிகமா, சாதாரணமா?

ஜூன் 2, இரவு 10.40

பாதி பழகும். ஆளை ஏமாற்றுவது அந்தப் பாதிதான்.

புது இடத்தில் முதல் சில வாரங்கள் ஒவ்வொரு லாரிக்கும் முழிப்பு வரும். போகப் போக அது குறையும், "பழகிவிட்டது" என்று நாமும் அடுத்தவருக்குச் சொல்ல ஆரம்பிப்போம். ஆனால் தூங்குகிறவர்களின் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பதிவு செய்து பார்த்தால், முழிப்பு குறைந்த அளவுக்கு அவை அடங்குவதில்லை. லாரி போகிறது, துடிப்பு ஏறி இறங்குகிறது, ஆள் தூங்கிக்கொண்டே இருக்கிறார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

68 பற்றி: அந்த எண் பகலில் எடுத்ததா, இரவிலா? ஒரு லாரி போகும்போது துள்ளியதா, ஒரு மணி நேரச் சராசரியா? இது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு ஒரு கோடு வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டலில் சாலைப் போக்குவரத்துக்கு வைத்த வரம்பு, மாலைக்கும் இரவுக்கும் கூடுதல் எடை போட்ட முழுநாள் சராசரியாக 53 டெசிபல், இரவுக்கு மட்டும் 45. இரண்டுமே வீட்டுக்கு வெளியே அளப்பது. உங்கள் 68 இரவுச் சராசரி என்றால் மிக அதிகம்.

ஸ்பான்ஜைப் பிரிக்காதீர்கள். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். காரணம் நாளைக்கு.

ஜூன் 3, மாலை

ஸ்பான்ஜ் விவகாரம். அறைக்குள் உண்டாகும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிக்கிறதே, அதைக் குறைப்பதுதான் ஸ்பான்ஜின் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டுவது அதற்காக. வெளியிலிருந்து உள்ளே வரும் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கடந்து வரும் சத்தம் 5, 6 டெசிபல் குறையும். ஊதினால் பறக்கிற பொருளிடம் அந்த வேலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. லாரி ஓசையில் கனமான பகுதி தாழ்ந்த அதிர்வெண், அதற்கு ஸ்பான்ஜ் இருப்பதே தெரியாது.

மரம் நடுங்கள், ஆனால் சத்தத்துக்காக நடாதீர்கள். 30 மீட்டர் ஆழத்துக்குப் புதரும் மரமுமாக மறுபக்கம் தெரியாமல் அடர்ந்திருந்தால் 5 டெசிபல் அளவில் குறையும். ஒரு வரிசை மரம் என்றால் கருவியில் தெரியாது. ஆனால் சாலை கண்ணில் படாவிட்டால் எரிச்சல் குறைகிறது என்று மரம் வைத்தவர்கள் சொல்கிறார்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஜூன் 3, சற்றுப் பின்

கனத்த திரைச்சீலை பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். அதே பதில். வெளிச்சத்துக்கு நல்லது.

ஜூன் 5

சரி, என்னதான் செய்வது என்று கேட்டால்: முதலில் ஓட்டையைத் தேடுங்கள். சத்தம் தண்ணீர் மாதிரி, சின்ன இடுக்குக் கிடைத்தால் அந்த வழியே வந்துவிடும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறப்பு வழியாக மட்டுமே சத்த ஆற்றலில் நூறில் ஒரு பங்கு உள்ளே வரும். அதாவது மீதிச் சுவரைக் கோட்டை மாதிரி கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற கோடு, ஏசி குழாய் போகும் துளை, எல்லாவற்றையும் கூட்டினால் அந்த நூறில் ஒன்று எத்தனை சுலபமாக வந்துவிடுகிறது என்று தெரியும்.

இருட்டிய பிறகு ஒருவரை வெளியே டார்ச்சுடன் நிற்கச் சொல்லி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரங்களைப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்று போகும், காற்று போகிற இடத்தில் சத்தம் வரும். ரப்பர் பீடிங், சிலிக்கான் பசை, கதவடிப் பட்டை. இந்த வரிசையில் போங்கள். கண்ணாடி மாற்றுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

கண்ணாடி மாற்றியே ஆக வேண்டும் என்றால், விளம்பரத்தில் வரும் இரட்டைக் கண்ணாடியை அப்படியே நம்பிவிட வேண்டாம். இடைவெளி ஒரு சென்டிமீட்டர் சொச்சமாக இருக்கிற வகை முதலில் வெப்பத்துக்காக வந்தது. அந்த ஒடுங்கிய காற்று இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஸ்பிரிங்காக வேலை செய்து, ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணில் இரண்டையும் சேர்த்து ஆட்டும். லாரியின் உறுமல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உட்பக்கமாக ஒரு சாண் தள்ளி வேறு தடிமனில் இரண்டாவது ஜன்னல் போட்டால் இதைவிட நன்றாக இருக்கும்.

ஜூன் 5, இரவு

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு விடுவது எப்படி என்று ஒருவர். நியாயமான கேள்வி, அதற்குத் தப்பிக்க வழியில்லை. ஜன்னலைத் திறந்தால் அதன் தடுப்பெல்லாம் போச்சு. அதனால்தான் காசு செலவில்லாத வழியை முதலில் பார்க்கச் சொல்வேன்: படுக்கையறையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். வீடே சுவராக நின்று மறைப்பதால் பின்பக்கம் 10 டெசிபலுக்கு மேலேயே குறையும். அந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தும் தூங்கலாம். ஹாலும் சமையலறையும் சாலையைப் பார்க்கட்டும்.

முன்பக்க அறைதான் பெரிய அறை, அதை விட மனசு வரவில்லை என்பார்கள். பெரிய அறையில் தூங்காமல் கிடப்பதைவிடச் சின்ன அறையில் தூங்கலாம்.

ஜூன் 6

மேலே ஒருவர், "3 டெசிபலுக்கும் 5 டெசிபலுக்கும் இவ்வளவு பேச்சா, 68-ல் 3 போனால் 65, என்ன வித்தியாசம்?" என்கிறார். டெசிபல் கூட்டல் கழித்தல் அளவு இல்லை, மடக்கை அளவு. 3 குறைந்தால் ஒலி ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். சாலையில் ஓடும் வண்டிகளில் சரிபாதியை நிறுத்தினால் கிடைப்பது அந்த 3 தான். பத்தில் ஒன்பது வண்டியை நிறுத்தினால் 10 குறையும், நம் காதுக்கு அப்போதுதான் "சத்தம் பாதியாச்சு" என்று தோன்றும்.

சோர்ந்துபோக வைக்கிற கணக்குதான். ஆனால் திருப்பிப் போட்டால் உதவுகிறது. பத்து ஒரே மாதிரி வண்டிகளோடு பத்து டெசிபல் கூடுதலாகக் கத்துகிற ஒரே ஒரு வண்டி சேர்ந்தால், மொத்த ஆற்றலில் பாதி அதனுடையது. சைலன்சரைக் கழற்றிய அந்த ஒரு பைக்கைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

தூரத்துக்கும் ஒரு விதி. ஒற்றை இயந்திரம் என்றால் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறையும். வண்டி விடாமல் ஓடும் சாலை நீண்ட கோடாக இருப்பதால் 3 தான் குறையும். நெடுஞ்சாலை ஒரு கிலோமீட்டர் தள்ளியும் இரவில் கேட்கிறதே, காரணங்களில் இதுவும் ஒன்று.

ஜூன் 8

காதடைப்பான் பற்றி நிறையக் கேள்வி. இது நான் வேலை பார்த்த சங்கதி, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைகளில் சத்தம் அளக்கும் வேலை எனக்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம், இது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்த பரிந்துரை வரம்பு, பல இடங்களில் இதையே பின்பற்றுவார்கள். அங்கிருந்து ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 ஆகிவிட்டால் கால் மணி நேரம். அரைக்கும் இயந்திரங்கள், பிரஸ், காற்றுக் கம்ப்ரசர் இருக்கும் கூடங்களில் 95 என்பது அன்றாடம்.

அங்கே நான் பார்த்தது: எல்லோர் காதிலும் அடைப்பான் இருக்கும், ஆனால் பலருக்கு அது காதின் வாசலில் நிற்கும், உள்ளே போயிருக்காது. ஸ்பான்ஜ் அடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சியாக்க வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, அது உப்பி முடியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அடைப்பான் பளிச்சென்று தெரிந்தால் அது சரியாகப் போகவில்லை. டப்பாவில் 33 டெசிபல் தடுக்கும் என்று போட்டிருப்பது ஆய்வகத்தில் கிடைத்த எண், ஸ்பான்ஜ் வகைக்கு நடைமுறையில் பாதி என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

இன்னொரு கணக்கு, நான் ஒவ்வொரு பட்டறையிலும் சொல்லி அலுத்தது. 30 டெசிபல் தடுக்கும் அருமையான அடைப்பான் ஒருவர் போட்டிருக்கிறார். 8 மணி நேர வேலையில் பேச, போன் எடுக்க என்று மொத்தம் 48 நிமிடம் கழற்றுகிறார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு எவ்வளவு? ஏறக்குறைய 10 டெசிபல். பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்த காதில் போன ஆற்றலே அத்தனையையும் விழுங்கிவிடும்.

கேட்புச் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதைப் பார்த்ததும் ஆள் எங்கே வேலை பார்த்தவர் என்று தெரிந்துவிடும். "எனக்கு நல்லாத்தான் கேட்குது, பசங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறாங்க" என்பார்கள். மெய்யெழுத்துகளின் கூர்மை எல்லாம் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. என் வலது காதிலும் அந்தப் பள்ளம் உண்டு. அமைதியான அறையில் ஒரு மெல்லிய விசில் நிரந்தரமாகக் கேட்கிறது.

ஜூன் 9

இரவு லாரிக்குத் தடை போட வேண்டும் என்று எழுதியிருப்பவருக்கு ஒரு பழைய கதை. ரோமில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று, நெரிசல் தாங்காமல், பகலில் பெரும்பாலான நேரம் சரக்கு வண்டிகள் நகருக்குள் ஓடக் கூடாது என்றது. அப்போ எப்போது ஓடும்? ராத்திரி, கல் பாவிய தெருவில், இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தில். பகல் நெரிசலைத் தீர்த்து இரவுத் தூக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் நெடுஞ்சாலையிலும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் லாரிகள் இரவில் வருகின்றன.

ஜூன் 12

மரம் பற்றிச் சொல்லும்போது ஒன்றைப் பாக்கி வைத்தேன். இந்த இழை முழுக்க நான் சொல்ல விரும்புவது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சத்தத்தின் தொல்லை டெசிபலில் பாதிதான் இருக்கிறது. மீதி, அது எப்போது வரும் என்று தெரியுமா, அதை நிறுத்த முடியுமா என்பதில் இருக்கிறது.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த சோதனை, 1972-ல் விரிவாக வெளியானது. ஆட்களை உட்காரவைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி பெரும் சத்தத்தை விட்டு விட்டுக் கேட்கவைத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையருகே ஒரு பொத்தான். "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது" என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரு பிரிவும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டன. அதற்குப் பிறகு, சத்தமெல்லாம் நின்ற பிறகு, தீர்வே இல்லாத புதிர்களையும் பிழைதிருத்தும் வேலையையும் கொடுத்தார்கள். பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைகளையும் அதிகம் விட்டார்கள்.

சத்தம் போன பிறகும் அதன் வேலை தொடர்கிறது, கையாலாகாத நிலைதான் அதற்குக் காரணம் என்பது எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நான் துளைக்கருவி போட்டால் எனக்கு அது வேலை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் தண்டனை. சத்தத்தின் அளவு அதேதான்.

அதனால், சத்தம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டட வேலை வைத்திருக்கிறீர்களா, ஒரு தாளில் "செவ்வாய், புதன், காலை 10 முதல் 1 வரை உடைப்பு வேலை" என்று எழுதிப் பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டு, சொன்னபடி 1 மணிக்கு நிறுத்துங்கள். கருவியில் ஒரு டெசிபலும் குறையாது. ஆனால் நான் அளக்கப்போன இடங்களில், இப்படிச் சொல்லிவிட்டுச் செய்தவர்கள் மேல் புகார் வந்து பார்த்ததில்லை.

ஜூன் 13

"அப்போ எல்லாம் மனசுதான் என்கிறீர்களா?" இல்லை ஐயா. இப்படித் திரும்பும் என்று தெரிந்திருந்தால் நேற்றே இதையும் சேர்த்து எழுதியிருப்பேன்.

குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி. ரயில் பக்க வகுப்புகளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அர்லீன் பிரான்சாஃப்ட் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போட்டார்கள் (ஸ்பான்ஜ் மாதிரிப் பொருள் உதவும் இடம் இதுதான், அறைக்குள் சுற்றும் சத்தத்தை அடக்க). மறுபடி ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசம் மறைந்திருந்தது.

மியூனிக்கில் 1992-ல் பழைய விமான நிலையத்தை மூடி வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய இடத்தில் வாசிப்பும் நீண்டகால நினைவாற்றலும் முன்னேறின, புதிய இடத்தில் அதே இரண்டும் சரிந்தன. குழந்தை போய் விமான நிலையத்தைக் கோபித்துக்கொண்டு வாசிக்க மறுத்தது என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன்.

பெரியவர்களுக்கு இதய நோய், ரத்த அழுத்தம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் போட்ட கணக்கில் மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்வாண்டுகள் பறிபோகின்றன. அதில் பெரிய பங்கு தூக்கக் கேட்டுக்கு.

ஜூன் 17

வேறொருவரின் பிரச்சினை: கீழ்த்தளத்துப் பம்பு இயந்திரத்தின் "ம்ம்ம்" என்ற முனகல். அளக்க வந்தவர் 32 டெசிபல்தான், வரம்புக்குள் இருக்கிறது என்று போய்விட்டாராம்.

இது எனக்கும் நடந்திருக்கிறது, அதுவும் இந்த வேலை பார்க்கிற எனக்கு. கருவிகள் வழக்கமாக ஏ-எடையில் அளக்கும், அதாவது மனிதக் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தமாக இருப்பதால் கருவியும் அதைக் குறைத்துக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழிக்கும், 50 ஹெர்ட்ஸில் 30. மெல்லிய ஒலிகளை ஒப்பிட அது சரி. இரவில், வேறு ஒலியே இல்லாத அறையில், ஒரே சுருதியில் முனகும் சத்தத்துக்கு அது போதாது. எடை போடாத அளவையும், அதிர்வெண் வாரியாகப் பிரித்த அளவையும் கேளுங்கள்.

அதுவரைக்கும் கட்டிலை நகர்த்திப் பாருங்கள். சிரிக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அறைக்குள் அது நிலையலையாக நிற்கும்போது சில இடத்தில் குவியும், அங்கிருந்து கால் அலைநீளம், அதாவது 85 சென்டிமீட்டர் தள்ளினால் ஏறக்குறைய காணாமல் போகும். சுவரோரமும் மூலையும்தான் குவியும் இடங்கள், நாம் தலைமாட்டை வைப்பதும் அங்கேதான். என் வீட்டில் கட்டிலை மூலையிலிருந்து நகர்த்தியதும் முனகல் பாதிக்கு மேல் போனது. அறை பார்க்கக் கோணலாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 18

பம்புக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டும் பயனில்லை என்று எழுதியவருக்கு. விரிப்பு இறுக்கமாக இருந்திருக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 25 ஹெர்ட்ஸ். அதை உருப்படியாகத் தடுக்க, தாங்கியின் சொந்த அதிர்வெண் (இயந்திரத்தைச் சுமந்தபடி அது தானாக ஆடும் வேகம்) அதில் மூன்றில் ஒன்றுக்குள், 8 ஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். அதற்கு இயந்திரத்தைத் தூக்கி வைத்ததும் ரப்பரோ ஸ்பிரிங்கோ 4 மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். அமுங்காத ரப்பரும் கல்லும் ஒன்று.

அப்புறம் குழாயைப் பாருங்கள். இயந்திரத்தை மெத்தையில் வைத்துவிட்டு, இரும்புக் குழாயை நேராகச் சுவரில் இறுக்கிக் கவ்வியிருப்பார்கள். அதிர்வு அந்த வழியே மூன்று மாடிக்கும் போகும். பம்பை ஒட்டி ஒரு நெகிழ் இணைப்பு, கவ்விக்குள் ரப்பர் வளையம்.

ஜூன் 22

சாலைக்கே வருவோம். வீட்டை அடைப்பது கடைசி வழி, சத்தம் பிறக்கும் இடத்தில் குறைப்பதுதான் எல்லோருக்கும் பலன்.

மின்சார வண்டி வந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாகப் போகும் தெருவில் ஓரளவு உண்மை. மணிக்கு 30, 40 கிலோமீட்டரைத் தாண்டினால் காரில் இன்ஜினைவிட டயர் சாலையில் உரசும் சத்தம்தான் பெரிது. அதற்கு மின்சாரமும் பெட்ரோலும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், மெதுவாகப் போகும்போது மின்சார கார் சத்தமே இல்லாமல் இருப்பது பாதசாரிக்கு ஆபத்து என்று, 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாதிரிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்று விதி.

வேகத்தைக் குறைத்தால் டயர் சத்தம் குறையும், 50-லிருந்து 30-க்கு வந்தால் 3 டெசிபல் வரை. மேலே போட்ட கணக்குப்படி இது பாதி வண்டிகளை நிறுத்தியதற்குச் சமம், ஒரு பலகை நடும் செலவில். பாரிஸ் 2021-ல் பெரும்பாலான தெருக்களில் 30 என்று கொண்டுவந்தது. நுண்துளைத் தார் போட்டாலும் பலன் உண்டு, ஆனால் துளைகளில் தூசி அடைந்து சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

அந்த ஒற்றைப் பைக்குக்கும் வழி தேடியிருக்கிறார்கள். 2022-ல் பாரிஸில் ஒலி ரேடார் என்று ஒன்றைக் கம்பத்தில் மாட்டிச் சோதிக்கத் தொடங்கினார்கள். பல ஒலிவாங்கிகள் சேர்ந்து சத்தம் எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று திசை கண்டுபிடித்துப் படம் எடுக்கும்.

தடுப்புச் சுவர் கட்டுவதானால் வண்டியை வீட்டின் கண்ணிலிருந்து மறைக்கும் உயரம் வேண்டும். பார்வைக் கோடு மறைந்ததுமே 5 டெசிபல் கிடைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மேல்மாடிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஜூன் 23

பக்கம் மாறிப் போகிறேன், மன்னிக்கவும். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சலான தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் கீழ்ச் சுருதியை விட்டுவிட்டு உயர்ந்த சுருதியில் பாடுகின்றன என்று 2003-ல் கண்டார்கள். வண்டி ஓசை கீழே நிறைந்திருப்பதால் மேலே ஏறிக்கொள்கின்றன.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்துக் குறைந்து, நீருக்கடியில் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அந்த நாட்களில் எடுத்த திமிங்கில எச்சத்தில் மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முடிவு 2012-ல் வெளியானது. திமிங்கிலத்திடம் யாரும் பழகிவிட்டதா என்று கேட்கவில்லை.

ஜூன் 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பின்னறைக்கு மாறி, கதவடிப் பட்டையும் பீடிங்கும் போட்டாராம். லாரி குறைந்துவிட்டது, ஆனால் இப்போது சுவர்க் கடிகாரமும் குளிர்சாதனப் பெட்டியும் கேட்டுத் தொலைகின்றனவாம்.

அப்படித்தான் இருக்கும். அவை முன்பும் இருந்தன, லாரி மூடிவைத்திருந்தது. கடிகாரத்தைக் கழற்றி வெளியே வையுங்கள். மின்விசிறி ஓசை அல்லது மழைச் சத்தம் போன்ற ஏற்ற இறக்கமில்லாத ஒன்றை மெல்லியதாக ஓடவிடுவது சிலருக்கு உதவுகிறது, காரணம் தூக்கத்தைக் கலைப்பது திடீர் ஏற்றம்தான். ஆனால் சத்தத்தை மறைக்க இன்னும் பெரிய சத்தம் வைக்கிற போட்டியில் இறங்க வேண்டாம். இரைச்சல் நீக்கும் ஹெட்போனும் இதே கதை: தாழ்ந்த, சீரான உறுமலை நன்றாக விழுங்கும், ஹாரனையும் பேச்சையும் விட்டுவிடும். அதைப் பாட்டுக் கேட்கப் போடுகிறவர்களுக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 80 டெசிபலுக்குள் என்பது பெரியவர்களுக்கான உலக சுகாதார நிறுவன அளவு, குழந்தைகளுக்கு 75.

ஜூலை 1

கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள் காது அடைத்து ரீங்காரமிட்டது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது, ஆக ஒன்றும் ஆகவில்லைதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முன்பெல்லாம் நாங்களும் அப்படித்தான் சொல்வோம், கேட்புத்திறன் திரும்பிவிட்டால் சேதமில்லை என்று. 2009-ல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்புச் சோதனையில் எலிகள் முழுதாகத் தேறிவிட்டன. காதுக்குள் வெட்டிப் பார்த்தால் ஒலியை உணரும் மயிர்செல்கள் அப்படியே இருந்தன, ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் சில பகுதிகளில் பாதிவரை அழிந்திருந்தன. மனிதர்களிடம் இது எந்த அளவு நடக்கிறது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் சோதனை சரி என்று சொல்வதால் காது சரி என்று சொல்ல நான் இனித் துணிய மாட்டேன். மயிர்செல் செத்தால் பறவைக்குத் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது.

அடுத்த முறை மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நில்லுங்கள், அடைப்பான் எடுத்துப் போங்கள், இடைவேளையில் வெளியே வாருங்கள்.

ஜூலை 1, சற்றுப் பின்

ஒன்று விட்டுப்போனது, இது அவசரம். ஒரு காது மட்டும் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கேட்காமல் போனால் சளி, அழுக்கு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை இருக்கிறது, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலிக்க வாய்ப்பு அதிகம்.